ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு நாட்டுக் காசும் கலந்தே கிடக்கும். கடல்குதிரை போட்டிருந்தால் சிங்கப்பூர்ப் பத்துக் காசு. நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் போட்டிருந்தால் மலேசியப் பத்துக் காசு. செம்பவாங் கோப்பிக்கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கல்லாவில் போடுவார்கள். கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவில், எங்கள் பேச்சில் ஜேபியில், கொடுத்தாலும் அப்படித்தான். 1967இல் மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தனித்தனியாகப் பணம் அடித்தபோது ஒன்றுக்கு ஒன்று செல்லும் என்று பேசிக்கொண்டார்கள். 1973 மே மாதம் மலேசியா அதிலிருந்து விலகியது. அப்பாவின் பைக்கு அந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

தமிழுக்கு இன்றுவரை போய்ச் சேரவில்லை. நாங்கள் டாலரை வெள்ளி என்கிறோம். அக்கரைத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். ஜேபியில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் “ஐம்பது வெள்ளி ஆயிடுச்சுப்பா” என்று அலுத்துக்கொண்டால், பரிதாபப்படுவதற்கு முன் “உங்க வெள்ளியா, எங்க வெள்ளியா?” என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜேபிக்குப் போவோம். சாப்பிடத்தான். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து அக்கரைக்குப் போகும் பேருந்தில் கூட்டமாக இருந்தால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் முழுக்கால் சட்டையின் நுனியை மடித்துக்கொண்டு, “நடந்துடலாம்” என்பார். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். உபின் தீவுக் கருங்கல்லைக் கொட்டி, 1924இல் திறந்த பாலம். பாலம் என்று பெயரே தவிர, கடலுக்குள் போட்ட அணைக்கட்டு மாதிரிதான். அம்மா குடை பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்.

“இங்க கிடைக்காத தோசையா அங்க கிடைக்குது?” இது ஒவ்வொரு மாதமும் பாதிப் பாலத்தில் அம்மா கேட்கும் கேள்வி.

“கல்லு வேற” என்பார் அப்பா. அதோடு சரி.

பாலத்தின் ஓரமாகவே பெரிய பெரிய குழாய்கள் வரும். ஜொகூர் ஆற்றுத் தண்ணீர் அதில்தான் சிங்கப்பூருக்கு வருகிறது. 1962இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆயிரம் காலனுக்கு மூன்று காசு. 2061 வரை அது செல்லும். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஜொகூர் ஆயிரம் காலனுக்கு ஐம்பது காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அந்தக் குழாய்மேல் உட்காரக் கூடாது என்பது மட்டும். ஆனால் இப்போது யோசித்தால், அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கரைத் தேநீரும் அந்தக் கரைத் தேநீரும் ஒரே ஆற்றுத் தண்ணீர்.

அக்கரையில் சுங்கச்சாவடி நகரத்தின் வாசலிலேயே இருந்தது. 1965இல் பிரிந்து, இரண்டே ஆண்டில் கடப்பிதழ் சோதனை வந்துவிட்டது என்றாலும், மலேசியாவுக்கு மட்டும் செல்லும் ஒரு கடப்பிதழ் எங்களிடம் இருந்தது. அதை நீட்டினால் டக்கென்று ஒரு முத்திரை. வெளியே வந்தால் செகெட் ஆற்றின் நாற்றம் வரவேற்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் உங்கு புவான் சாலை, ராஜமாரியம்மன் கோயில், பூக்கடை, கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகள்.

முதலில் ரொட்டி சானாய். சிங்கப்பூரில் இதையே பராட்டா என்போம். தொட்டுக்கொள்ள மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ வரும். அங்கே தால்ச்சா மாதிரி இளகிய பருப்புக்கறி, ஓரத்தில் ஒரு கரண்டி சம்பல். மாவு வீசுகிறவருக்கு முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பது என் வேலை. எண்ணெய் பூசிய தகட்டின் மேல் உருண்டையை உள்ளங்கையால் நசுக்குவார். ஒரு நுனியைத் தூக்கிக் காற்றில் விசிறி அடிப்பார். மூன்றாவது அடியில் மாவு கைக்குட்டையாகி, அதற்குப் பின்னால் இருக்கும் அவருடைய பனியனின் ஓட்டை தெரியும். மடித்துக் கல்லில் போட்டு, வெந்ததும் எடுத்து இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அடுக்கு அப்படித்தான் பிரியும். சிங்கப்பூரில் அந்தத் தட்டைப் பல கடைகளில் தட்ட மாட்டார்கள் என்பது அப்பாவின் குற்றச்சாட்டு. கல் வேறு என்று அவர் சொன்னது உண்மையில் கை வேறு என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் டோபி சாலை. ஒருகாலத்தில் சலவைத் தொழிலாளர்கள் இருந்த தெருவென்று பெயரே சொல்கிறது. அங்கே 1937இல் தொடங்கிய சலாஹுதீன் ரொட்டிக்கடை. அதன் கறிபாப் சிறியது. ஓரத்துப் பின்னல் தடித்து, கடித்தால் பல்லில் தட்டும். அந்தப் பின்னலைத் தனியாகப் பிய்த்து வைத்துக் கடைசியில் தின்பேன். பக்கத்துத் தெரு டான் ஹியோக் நீ சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் கம்பிரும் பயிரிட்டுச் செல்வம் சேர்த்த தியோச்சியூ வணிகரின் பெயர் அது. அந்தத் தெருவில்தான் ஹியாப் ஜூ. 1919இலிருந்து விறகு அடுப்பிலேயே சுடுகிறார்கள். வாழைப்பழ கேக் அடுப்பிலிருந்து வரும் நேரம் தெருமுனைக்கே தெரிந்துவிடும். தட்டையான, அலங்காரமே இல்லாத கேக். மேலே பழுப்பு, உள்ளே ஈரம், அடியில் லேசாக ஒரு புகைவாசம். வாங்கிச் சூட்டோடு அட்டைப்பெட்டியில் போட்டால் பெட்டியின் அடி எண்ணெய்யில் கண்ணாடியாகும்.

அந்தப் பெட்டி எங்களுக்கு அல்ல. அத்தைக்கு.

அத்தை வீடு ரயில்வே குடியிருப்பில் இருந்தது. மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. காலையிலிருந்து நாங்கள் என்னென்ன தின்றோம் என்று அத்தைக்குத் தெரியும், சட்டையில் சம்பல் கறை இருக்கும். இருந்தாலும் மதியம் வாழையிலை போட்டுவிடுவார். சாப்பிடாமல் கிளம்பினால் அடுத்த மாதம்வரை பேச்சு. “கடையில தின்னதெல்லாம் கணக்குல வராது” என்பது அத்தையின் சட்டம். சுறாப்புட்டு, முருங்கைக்கீரை, தேங்காய்ப்பாலில் நீந்தும் ரசம். அப்பாவும் மாமாவும் திண்ணையில் சாய்ந்துவிடுவார்கள். நானும் மச்சானும் தண்டவாளத்தில் காசை வைத்து நசுக்குவோம். எந்த நாட்டுக் காசு என்று பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஒரு நாளைக்குச் சாப்பிட எவ்வளவு செலவானது என்று எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கும் நினைவிருந்திருக்காது. விலை இரண்டு கரையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் யாரும் மலிவுக்காகப் பாலம் தாண்டவில்லை. நாக்குதான் தீர்ப்புச் சொன்னது. பிடித்திருந்தால் போனோம்.

எண்பதுகளில் வெள்ளியும் வெள்ளியும் மெல்லப் பிரிந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் ஆசியப் பண நெருக்கடி வந்தபோது எங்கள் ஒரு வெள்ளிக்கு அவர்களுடையது இரண்டுக்கு மேல் வந்தது. அதற்கு முன்பே எங்கள் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் பெட்ரோல் போட அக்கரைக்கு ஓட ஆரம்பித்திருந்தார்கள். அரசாங்கம் 1989இல் தொட்டியில் பாதி நிரம்பியிருந்தால்தான் எல்லை தாண்டலாம் என்றது. 1991இல் அதை முக்கால் ஆக்கியது. அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்த காலம் அது. உட்லண்ட்ஸ் போகும் வழியில் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவான். அப்பா பின்னிருக்கையில் உட்கார்ந்து, “சாப்பிடப் போறோமா, பெட்ரோல் குடிக்கப் போறோமா?” என்பார்.

இன்று மகள் கூட்டிப்போகிறாள். “அப்பா, சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள்ள உட்லண்ட்ஸ்ல இருக்கணும். இல்லன்னா போகவே வேண்டாம்.” அவள் சொன்னது சரி. அப்பா நடந்து கடந்த அந்த ஒரு கிலோமீட்டரை உலகத்தின் மிகப் பரபரப்பான எல்லைகளில் ஒன்று என்கிறார்கள் இப்போது. விடுமுறைக் காலத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச்சாவடியும் சேர்ந்து ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோரைக் கண்டிருக்கின்றன. சிங்கப்பூர்ப் பக்கம் 2024இலிருந்து கடப்பிதழுக்குப் பதில் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும். அந்த இடத்தில் மிச்சமாகும் ஒரு நிமிடத்தைப் பாலத்தின் மேல் ஒரு மணி நேரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பேருந்து நின்றுவிட்டால் இளைஞர்கள் பொறுமையிழந்து இறங்கி நடக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு அப்பாவின் மடித்த கால்சட்டை நுனி ஞாபகத்துக்கு வரும்.

அக்கரையில் 2008இல் குடிநுழைவு மேட்டின் மேல் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. விமான நிலையம் மாதிரி படிக்கட்டு, நீண்ட கூடம், வரிசை. வெளியே வந்தால் நேராகப் பேரங்காடி. செகெட் ஆற்றைச் சில காலம் காங்கிரீட் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பிறகு சுத்தம் செய்து திறந்துவிட்டார்கள். நாற்றம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. குறைசொல்ல ஒன்றுமில்லாதது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது.

இறங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பணம் மாற்றுகிறவரின் பலகையைப் பார்ப்பது. எங்கள் ஒரு வெள்ளிக்கு இப்போது அவர்களுடையது மூன்றுக்கு மேல். மகள் பலகையைப் பார்ப்பதில்லை, கைப்பேசியில் பார்க்கிறாள். அன்று அவளும் அவள் தோழியும் டான் ஹியோக் நீ சாலையில் ஒரு காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். பழைய கடைவீட்டின் சுவரை உரித்து, செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். ஒரு கோப்பை காப்பி 14 வெள்ளி. நான் திடுக்கிட்டேன்.

“மூணால வகுங்கப்பா. நம்ம ஊர்ல இதே காப்பி ஏழு எட்டு வெள்ளி.”

வகுத்தேன். மலிவுதான். ஆனால் அந்தக் கடையில் கோப்பை கழுவும் பெண்ணுக்கு வகுக்க முடியாது. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அவளுக்கு 14 என்றால் 14. மச்சான் ஒருமுறை சொன்னான்: “சனி ஞாயிறு நாங்க டவுன் பக்கமே வர்றதில்ல. நீங்க வந்து எல்லாத்தையும் சீப்பு சீப்புன்னு சொல்லிச் சொல்லியே விலையை ஏத்திட்டீங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு இதில் இருக்கும் மனத்தாங்கல் விலைவாசி பற்றியது அல்ல. சாப்பிட்டு முடித்ததும் முன்பெல்லாம் “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார்கள். இப்போது “எவ்வளவு ஆச்சு?” என்கிறார்கள். விலை மூன்றில் ஒரு பங்கு என்று தெரிந்த பிறகு நாக்கு எதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. சுமாரான சாப்பாடுகூட “இந்த விலைக்குப் பரவாயில்ல” என்று தப்பித்துவிடுகிறது. நானும் அதைச் செய்கிறேன். போன முறை ஒரு கடையில் ஜொகூர் லக்சா சாப்பிட்டேன். சுல்தான் அபூ பக்கர் ஐரோப்பா போய்வந்த பிறகு அரிசி நூடல்ஸுக்குப் பதில் ஸ்பாகெட்டி போட ஆரம்பித்ததாகக் கதை சொல்வார்கள், அந்த லக்சா. மீன் குழம்பு நீர்த்துப் போயிருந்தது. எழுந்து வரும்போது என் வாயிலிருந்து வந்த முதல் சொல் “ரெண்டே முக்கா வெள்ளிதான்”. அப்பா கேட்டிருந்தால் மேசையைத் தட்டியிருப்பார்.

ரொட்டி சானாய் கடைக்கும் போனோம். பழைய கடை இல்லை. அதே வரிசையில் வேறொன்று. மாவு வீசிக்கொண்டிருந்த தம்பி ராமநாதபுரத்துப் பக்கம். வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். கை நல்ல கை. எடுத்ததும் இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டினான், அடுக்குப் பிரிந்தது.

“உள்ளூர்ப் பசங்க இல்லையா?” என்றேன்.

“எல்லாரும் உங்க ஊருக்குத்தாண்ணே வேலைக்குப் போறாங்க.”

அதுவும் உண்மை. நான் காலை ஆறு மணிக்குப் போட்டிபோட்டுக்கொண்டு அந்தக் கரைக்குப் போகிறேன் என்றால், மச்சானின் மகன் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வருகிறான். செம்பவாங்கில் ஒரு கிடங்கில் வேலை. அவனைப்போல் எத்தனையோ ஆயிரம் பேர், தலைக்கவசமும் மழைச்சட்டையுமாக, நாள் தவறாமல். எங்கள் வெள்ளியைச் சம்பாதித்து அவர்கள் வெள்ளியில் செலவு செய்வது அவர்கள் கணக்கு. எங்கள் வெள்ளியைச் சம்பாதித்து அவர்கள் வெள்ளியில் சாப்பிடுவது எங்கள் கணக்கு. ஒரு வகையில் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் அவன் தூக்கத்தை விற்கிறான்.

பழைய ஒன்றுக்கு ஒன்று இன்னும் ஓர் இடத்தில் மட்டும் நடக்கிறது. உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் இடையே 2015இலிருந்து ஓடும் தெப்ராவ் ரயில். பயணம் ஐந்து நிமிடம். அங்கிருந்து இங்கே வர ஐந்து ரிங்கிட். இங்கிருந்து அங்கே போக ஐந்து டாலர். எண் ஒன்று, வெள்ளிதான் வேறு. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலாயா ரயில் ஓடிய காலத்திலும் இதே வழக்கம் இருந்தது. மாமா இதைச் சொல்லி அப்பாவைக் கேலி செய்வார். அந்த நிலையத்தை 2011 ஜூன் 30ஆம் தேதியோடு மூடினார்கள். கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போனார். இப்போது புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் பாதை, நான்கு கிலோமீட்டர். மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர். 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அது ஓட ஆரம்பித்தால் தெப்ராவ் ரயில் நின்றுவிடும். ஒன்றுக்கு ஒன்றும் அதோடு போய்ச் சேரும்.

நடுவில் ஒரு காலம் எதுவும் ஓடவில்லை. 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியது; முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதி. செம்பவாங் கடற்கரையில் நின்றால் அக்கரை விளக்கு தெரியும். அத்தை அந்த இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார். காரியத்தைத் திரையில் பார்த்தோம். படையலில் வடை, சுறாப்புட்டு எல்லாம் இருந்தது. இலையின் ஓரத்தில் யாரோ வாழைப்பழ கேக்கில் ஒரு துண்டு வைத்திருந்தார்கள். மச்சானாகத்தான் இருக்க வேண்டும்.

ஹியாப் ஜூ அப்படியே இருக்கிறது. விறகும் அடுப்பும் அதேதான். கேக் அதே தட்டையான கேக், பெட்டியின் அடி அதே மாதிரி கண்ணாடியாகிறது. வரிசை மட்டும் வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கிறது. என் முன்னால் ஏழெட்டுப் பேர். பேச்சைக் கேட்டால் அத்தனை பேரும் எங்கள் கரை. ஆளுக்கு நான்கு பெட்டி வாங்குகிறார்கள். நான் இரண்டு வாங்கினேன்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். மேட்டின் மேல் குடிநுழைவு வரிசை படிக்கட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. மகள் பேருந்து எப்போது வரும் என்று கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கைப்பேசி அடித்தது. மச்சான்.

“டவுன்ல இருக்கியாமே? பையன் பார்த்தேன்னு சொன்னான், கேக் கடை வரிசையில.”

சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து அவன் அந்த வழியாகத்தான் போயிருக்கிறான். நான் பார்க்கவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தால் எப்படித் தெரியும்?

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டாச்சுப்பா. நிறையவே.”

“கடையிலயா?”

“கடையிலதான்.”

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமில்லை. மச்சான் இப்போது இருப்பது ஸ்கூடாய். டவுனிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். சனிக்கிழமை நெரிசலில் போய்வர இரண்டு மணி நேரம். போனால் பாலத்தில் இரவாகிவிடும் என்று காலையிலேயே மகளும் நானும் பேசி வைத்ததுதான்.

“அதெல்லாம் கணக்குல வராது, தெரியும்ல?” என்றான்.

கையிலிருந்த பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது. வரிசை இரண்டடி நகர்ந்தது. மகள் என் முழங்கையைத் தொட்டு, நகரச் சொன்னாள்.